பதினாறு தாளில் ஒரு குழுப்படம்

தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் நான் வேலை பார்த்த அச்சகத்துக்குத் தொண்ணூறுகளின் நடுவில் கணினி வந்தது. அதன் முன்னால் உட்கார முதலாளி எடுத்த ஆள், அக்கரையில் இருக்கும் பிறை என்ற ஊரிலிருந்து தினமும் ஃபெரிப் படகில் வரும் ஒரு பெண். அதற்கு முன் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப் வழியாக மின்னணுச் சிப்புகளைப் பார்த்துக் கோளாறு கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். படம் கையாளும் மென்பொருளை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தலையணை கனத்துக்கு இருந்த ஆங்கிலக் கையேட்டை ஃபெரியிலேயே படித்து முடித்தார். கல்யாணப் பத்திரிகைகளில் பிழை திருத்திக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பெட்டியின் மேல் பெரிய மதிப்பு இல்லை.

ஒருநாள் காலை தாதி உடையில் ஒரு பெண் வந்தார். தாசேக் கெலுகோர் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் படித்தவராம். உள்ளங்கை அளவு கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை நீட்டினார். வலைப்பந்துக் குழு. ஒன்பது சிறுமிகள், முன்வரிசையின் நடுவில் அவர்கள் டீச்சர்.

"டீச்சர் ரிட்டயர் ஆகுறாங்கண்ணே. சனிக்கிழமை பிரியாவிடை. மேடையில மாட்டுற மாதிரி பெருசா வேணும்."

"எங்க மெஷின்ல சின்னத் தாள்தான் போகும்கா. கோலாலம்பூருக்கு அனுப்பினா ஒரு வாரம் ஆகும்," என்றேன்.

அவர் படத்தைப் பைக்குள் வைக்கப் போனார். கணினி முன்னிருந்து குரல் வந்தது. "துண்டு துண்டா அடிச்சு ஒட்டலாம்லா அண்ணே. குடுத்துட்டுப் போங்கக்கா."

எங்கள் கணினிப் பெண் படத்தை ஸ்கேன் செய்து, அகலத்தில் நாலு, உயரத்தில் நாலு என்று பதினாறு சம பாகங்களாகக் கோடு போட்டார். கணக்கு சுத்தமாக இருந்தது. ஆனால் நடுக்கோடு டீச்சரின் மூக்கின் மேல் நேராக இறங்கியது.

"ஒட்டின தடம் முகத்துல தெரியுமே," என்றார்.

"அஞ்சா வெட்டிப் பாரேன்," என்றேன், ஏதோ தெரிந்தவன் போல.

"பாத்துட்டேன்ணே. டீச்சர் தப்பிச்சிடுறாங்க, ரெண்டு பொண்ணு மாட்டிக்குது."

தாள்கள் எல்லாம் ஒரே அளவு, அதனால் கோடுகளை இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. அவர் படத்தை நகர்த்தினார். இடப்பக்கம் வெறும் வெள்ளையைச் சேர்த்ததும் கோடு டீச்சரின் தோளுக்குப் போனது, ஆனால் ஓரத்துச் சிறுமியின் கண்ணில் இன்னொன்று விழுந்தது. படத்தை ஒரு சுற்றுச் சிறிதாக்கினார். மறுபடி நகர்த்தினார். ஒட்டி முடித்த பிறகு வெள்ளை ஓரத்தை நறுக்கிவிடலாம் என்றார். அந்தக் காலத்துக் கணினி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் நெடுநேரம் யோசிக்கும். அவர் பதறவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல், பத்து முகங்களிலும் கோடு படாத ஒரே இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். திருத்திக்கொண்டிருந்த கல்யாணப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு நான் பின்னால் நின்று பார்த்தேன்.

"கிடைச்சிருச்சுண்ணே!"

கோடுகள் தோள்களுக்கு இடையிலும் சீருடைகளிலும் மட்டுமே விழுந்திருந்தன. அந்தப் பத்துப் பேரில் ஒருவரைக்கூட அவருக்கு முன்பின் தெரியாது.

சனிக்கிழமை காலை, பலகையில் ஒட்டிய படத்தை வேனில் கொண்டுபோய் நாங்களே மாட்டினோம். டீச்சர் மேடையேறி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்துக்கு மிக அருகில் போய் நின்றார். ஒவ்வொரு சிறுமியின் முகத்தையும் விரலால் தொட்டுப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். கீழே நாற்காலிகளில் இருந்த நடுவயதுப் பெண்கள் ஒவ்வொருவராக "இங்க இருக்கேன் டீச்சர்" என்று எழுந்தார்கள்.

"ஒட்டினதுன்னு சொன்னாங்களே, எங்க ஒட்டியிருக்கும்மா?" என்று கடைசியில் டீச்சர் கேட்டார்.

"தெரியலைன்னா விட்டுடுங்க டீச்சர்," என்றார் எங்கள் கணினிப் பெண், கூச்சத்தோடு.

திங்கட்கிழமை என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டேன். எனக்கு அவரைவிடப் பதினைந்து வயது அதிகம்.

"எனக்கும் சொல்லிக் குடும்மா."

அவர் சிரித்துக்கொண்டே மௌஸை என் பக்கம் தள்ளினார்.