மாமாவின் கழுகுக் குகைக்குப் போய்வந்த கதை

செல்வி, முருகேசா, உங்களுக்கு முழுப்பரீட்சை நடப்பதால் நான் மட்டும் மதுரைக்குப் போய்வந்தேன். குகை எப்படி இருந்தது என்று நேற்றிலிருந்து நச்சரிக்கிறீர்கள். வாயால் சொன்னால் பாதியிலேயே உங்கள் அம்மா தம்பியை நினைத்து அழ ஆரம்பித்துவிடுவாள். அதனால் எழுதி வைக்கிறேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் செல்வி திருத்திக்கொள்ளட்டும்.

காலை ஆறு மணிக்குக் கொட்டாம்பட்டியில் பஸ் ஏறினேன். மதுரைக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டிக்கெட் நாலு ரூபாய் இருபது காசு. மேலூரில் வண்டி பத்து நிமிஷம் நின்றது. நாற்பது காசுக்கு ஒரு டீ குடித்தேன்.

"பொருட்காட்சிக்காண்ணே?" என்று கண்டக்டர் கேட்டார்.

"ஆமா. எங்க மாப்ள அங்க கழுகுக் குகை போட்டிருக்கான். இன்னைக்குத்தான் திறக்குறான்."

"எந்தக் கழுகு? அந்தப் படத்துல வாரதா? அட! எம் மக்க அந்தப் படத்தை நாலு வாட்டி பாத்துட்டு, நெல்லுக் குதிருக்கு மேல ஏறிக் குதிக்குதுக. ஞாயித்துக்கிழமை கூட்டியாரேன்னு சொல்லுங்க."

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வலது பக்கம் யானைமலை வந்தது. ஒவ்வொரு தடவையும் படுத்த யானையாகத் தெரியும் மலை அன்று சிறகை மடக்கி உட்கார்ந்த கழுகாகத் தெரிந்தது. புத்தி அப்படி ஆகிவிட்டது.

உள்ளே போவதற்கு முன்னால் ஒரு விஷயம். வாடிப்பட்டிக் கருப்பையா மாமா பத்து வருஷமாக ஊர்த் திருவிழாக்களில் குடை ராட்டினம் சுற்றுகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் குகைக்காகக் கால்வாய்ப் பாசன நிலம் இரண்டு ஏக்கரையும் அடமானம் வைத்திருக்கிறார் என்பது தெரியாது. பொருட்காட்சி நாற்பது நாள். அதற்குள் குகை ஓடவில்லை என்றால் நிலம் போய்விடும். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒன்பது மணிக்கு வைகையின் வடகரையில் இருக்கும் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நுழைவு ஐம்பது காசு. மாமாவின் குகையைப் பார்த்ததும் வாயைப் பிளந்துவிட்டேன். மூங்கிலைக் கட்டி, சாக்கை விரித்து, சுண்ணாம்பும் சிமெண்டும் பூசி, நிஜமான மலையையே கொண்டுவந்து வைத்தாற்போல் நாற்பதடி நீளத்துக்கு நின்றது. தரையில் தண்டவாளம். அதன் மேல் ஆள் உட்கார்ந்து போக, தார் டின்னை நெடுக்காக அறுத்துச் செய்த ஆறு பெட்டிகள். குகைக்குள் கூரையில் கழுகு தொங்குகிறது. சைக்கிள் செயினும் பல்சக்கரமும் வைத்து அதன் ரெக்கை ஏறி இறங்குகிறது. தலையில் கொண்டை, வளைந்த மூக்கு, சிவப்பு பல்பு கண். அப்படியே படத்தில் வருகிற கழுகு.

"எப்படி மச்சான்?" என்றார் மாமா. ஒரு வாரமாகத் தூங்காத கண்.

"டேய் மாப்ள, நீ மனுசனா, மயனாடா?"

பதினொரு மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. அதிலிருந்து இறங்கியவர் மெட்ராஸில் அந்தப் படத்தை எடுத்த கம்பெனியின் மேனேஜர். வெள்ளைச் சட்டை, தோல்பை. குகை வாசலுக்கு மேல் கழுகின் பேரை எழுதி மாட்டியிருந்த பலகையை அண்ணாந்து பார்த்தார். குரலை உயர்த்தாமல், "இந்தப் பேரைப் போட யார் அனுமதி கொடுத்தது?" என்று கேட்டார்.

மாமா சிரித்துக்கொண்டே, "தியேட்டர் முதலாளிங்க. தட்டு வச்சுக் கேட்டோம், எடுத்துக்கிட்டாருங்க" என்றார்.

மேனேஜருக்குப் புரியவில்லை. நான்தான் விளக்கினேன். தை மாதத்தில், மதுரையில் அந்தப் படத்தை நூறு நாள் ஓட்டிய தியேட்டர் முதலாளியைப் போய்ப் பார்த்தோம். தாம்பூலத் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, ஒரு துண்டு. விஷயத்தைச் சொன்னோம். அவர் தட்டைத் தொட்டு எடுத்துக்கொண்டு, "நல்லா செய்யுங்கப்பா" என்றார். நம் பக்கத்தில் தட்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பொண்ணு கொடுப்பதும் அப்படித்தான், கிணற்றில் தண்ணீர் முறை விடுவதும் அப்படித்தான். அதற்கு மேல் எழுதித் தா என்று கேட்டால் அவமரியாதை.

பிள்ளைகளே, அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு போனவன் நான். "பேப்பர் எதும் வாங்கணுமா மச்சான்?" என்று மாமா அன்றைக்கே கேட்டார். "தட்டை எடுத்துட்டாரு, அப்புறம் என்னடா?" என்று சொன்னவனும் நான்.

மேனேஜர் பொறுமையாகத்தான் பேசினார். "ஐயா, படத்தை ஓட்டுறவர் வேற, படத்துக்குச் சொந்தக்காரர் வேற. அவர் எங்ககிட்ட படப்பெட்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டினார், அவ்வளவுதான். இந்தக் கழுகோட பேரு, கொண்டை, மூக்கு, சிவப்புக் கண் எல்லாம் கம்பெனி சொத்து. ரெண்டாவது படம் வேற வருது. இந்தப் பொருட்காட்சிக்கு அந்தப் பேரை ஏற்கெனவே ஒருத்தருக்குக் கொடுத்தாச்சு. நாலு மணிக்குள்ள அழிச்சிடுங்க. இல்லேன்னா போலீஸோடதான் வரணும்."

எனக்குத் தலை சுற்றியது. மூக்கு ஒருவருக்குச் சொத்தா? கண்ணுக்குப் பட்டாவா? மாமா ஈனக்குரலில், "ரெக்கைங்க?" என்று கேட்டார். மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். "ரெக்கை எல்லாப் பறவைக்கும் உண்டு. அதை வச்சுக்கங்க."

கம்பெனியிடம் பேரை வாங்கிய அந்த ஒருவர் யார்? நாலு கடை தள்ளித் தகரக் கொட்டகை போட்டிருந்தவர். வாசலில் கழுகின் பெயர் எழுதிய பெரிய பலகை. அதற்குள்ளேயே கூட்டம் முண்டியடித்தது. ஒரு ரூபாய் கொடுத்து நானும் போனேன். உள்ளே பார்த்ததை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. சுவரில் ஒரு படுதா. அதில் கழுகின் படம். அதற்கு முன்னால் ஒரு முக்காலி. முக்காலி மேல் ஒரு டேபிள் ஃபேன். ஃபேனில் கட்டிய சிவப்புக் காகிதம் நெருப்பு மாதிரி படபடத்தது. அவ்வளவுதான். அரை நிமிஷத்தில் வெளியே தள்ளிவிட்டார்கள்.

கொட்டகைக்காரர் ஜமால் பாய், திண்டுக்கல்காரர். என் முகத்தைப் பார்த்து அவருக்கே கூச்சமாகிவிட்டது.

"திட்டாதீங்கண்ணே. இருந்ததெல்லாம் பேரு வாங்கவே போயிருச்சு. அப்புறம் உள்ள வைக்க என்ன இருக்கு? அந்த ஃபேன்கூட எங்க வீட்டு ஃபேன்தான். வீட்ல பேகம் வேர்த்துக் கொட்டிக்கிட்டுத் திட்டுது."

ஒருவர் இருந்ததையெல்லாம் குகையில் கொட்டினார், பேர் இல்லை. இன்னொருவர் இருந்ததையெல்லாம் பேரில் கொட்டினார், குகை இல்லை. நான் ஓடிப்போய் மாமாவைக் கூட்டிவந்தேன். "ரெண்டு பேரும் சேந்துக்கங்கப்பா" என்றேன். பாய் மடியிலிருந்து கம்பெனி கொடுத்த பத்திரத்தை எடுத்து விரித்தார். இருபதுக்கு இருபது அடிக் கொட்டகை ஒன்றுக்கு மட்டும், கூட்டு கூடாது, வேறு இடத்துக்கு மாற்றக் கூடாது என்று அச்சடித்திருந்தது.

"மீறினா இதையும் கிழிச்சிருவாங்க மாப்ள," என்று மாமாவின் தோளைத் தொட்டார் பாய். "எனக்கும் மூணு பொட்டப்புள்ளைங்க."

மாமா பத்திரத்தை மடித்துப் பாயின் கையில் கொடுத்துவிட்டுத் தன் குகைக்குத் திரும்பினார்.

மூன்று மணிக்குப் பெயிண்டர் பலகைக்கு வெள்ளை அடித்தார். மாமா தானே ஏணியில் ஏறிக் கழுகின் கொண்டையை அறுத்தார், மூக்கை அறுத்தார், சிவப்பு பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு உடம்பு முழுக்கக் கறுப்பு பூசினார். மேனேஜர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து மணிக்குக் குகையைத் திறந்தோம். வெள்ளைப் பலகையைப் பார்த்து நிற்பார்கள். "கழுகு இருக்கா?" என்பார்கள். மாமாவுக்குப் பொய் வராது. "இல்லைங்க" என்பார். உடனே தகரக் கொட்டகைக்குப் போய்விடுவார்கள். அரைமணி நேரம் ஒரு ஆள் ஏறவில்லை. இரண்டு ஏக்கரும் கண்ணெதிரே தண்ணீரில் கரைகிற மண்ணாகப் போய்க்கொண்டிருந்தது.

"வெறும் பெட்டியா நிக்கிறது சகுனம் சரியில்ல. நான் ஏறுறேன், தள்ளுடா" என்று சொல்லி முதல் பெட்டியில் உட்கார்ந்தேன்.

உள்ளே கும்மிருட்டு. பெட்டி கடகடவென்று உருண்டது. முகத்தில் ஈரச் சாக்கு தடவியது. கழுகு இருக்கும் இடம் எனக்குத் தெரியும், காலையில் பார்த்ததுதானே என்று தைரியமாக இருந்தேன். ஆனால் காலையில் சிவப்புக் கண் தூரத்திலேயே காட்டிக்கொடுத்தது. இப்போது கண் இல்லை. உடம்பும் கறுப்பு. எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் திடீரென்று தலைக்கு மேல் 'விசுக்'கென்று ரெக்கை இறங்கி உச்சி மயிரைத் தடவியது. "அய்யோ ஆத்தா!" என்று நான் போட்ட கூச்சல், சாக்குச் சுவரைத் தாண்டி மைதானம் முழுக்கக் கேட்டிருக்கிறது.

வெளியே வந்தால் இருபது முப்பது பேர் நிற்கிறார்கள்.

"என்னய்யா உள்ள? யாரு அப்படிக் கத்துனது?"

"எங்க மச்சான்தாங்க" என்றார் மாமா.

"என்ன பாத்தீரு?"

"ஒண்ணுமே பாக்கலய்யா, அதான் கத்துனேன்!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கல்லூரிப் பையன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பெட்டியில் ஏறினான். உள்ளே போய் அவனும் கத்தினான். என்னைவிடச் சத்தமாக.

கூட்டம் கொஞ்சம் தேயும்போதெல்லாம் மாமா என் காதில், "இன்னொரு வாட்டி போயிக் கத்திட்டு வாங்க மச்சான்" என்பார்.

"தெரிஞ்சுக்கிட்டே எப்படிடா கத்துறது?"

"ரெண்டு ஏக்கரை நினைச்சுக்கங்க."

மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் கத்தினேன். ஒரு தடவைகூட நடிக்க வேண்டி வரவில்லை.

ஏழரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். மாமாவின் வரிசையில் பதினைந்து பேர் இருந்தார்கள். பாயின் கொட்டகையில் நூறு பேருக்குக் குறையாது. நிலம் தப்புமா தப்பாதா என்று இப்போது சொல்ல முடியாது. ராட்டினக்காரர்கள் எல்லோரும் இருக்கிற பணத்தைப் படத்தின் பேர் வாங்கவே போட்டால், உள்ளே வைக்க எல்லோருக்கும் டேபிள் ஃபேன்தான் மிஞ்சும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். நம் ஊரில் ஒருவர் தட்டை எடுத்தால் அது அவருடைய பொருளாகத்தான் இருக்கும். வெளியில் அப்படி இல்லை. தட்டு நீட்டுவதற்கு முன்னால், இது உங்களுடையதுதானா என்று கேட்டுவிட வேண்டும். நான் கேட்காமல் போனதை நீங்கள் மறக்காதீர்கள்.

புறப்படும்போது மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளைப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயிண்டர் எழுத்துக்கு அளவெடுத்துப் பென்சிலில் இரண்டு கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறார். நடுவில் ஒன்றும் இல்லை.

"கொண்டை இல்ல, மூக்கு இல்ல, கண்ணு இல்ல. இதுக்கு என்ன பேரு வைக்க?" என்றார். பிறகு, "புள்ளைங்ககிட்ட கேளுங்க மச்சான்" என்றார்.

பரீட்சை வியாழக்கிழமை முடிகிறது. வெள்ளிக்கிழமை போகிறோம். எந்தப் படத்திலும் வராத, யாரும் எங்கும் வைக்காத பேராக ஒன்று யோசித்து வையுங்கள். ஒன்று போதும். பெயிண்டரை அதுவரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.