அத்தையின் மீட்டர்

எங்கள் காரில் எப்போதும் வைக்கோல் வாசனை அடிக்கும். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளுக்கு, பொம்மையும் ஜாடியும் உடையாமல் பெட்டி கட்ட அப்பாதான் வைக்கோல் கொடுத்துக்கொண்டிருந்தார். லாரியில் அடங்காத கட்டுகள் காரின் பின்சீட்டுக்கு வந்துவிடும். எங்கே போய் இறங்கினாலும் என் பாவாடையில் நாலு துரும்பாவது ஒட்டியிருக்கும்.

ஆனாலும் அந்தப் பழைய காரை யாரும் குறைத்துப் பேசிவிட முடியாது. ஊரில் மற்றவர்கள் ஸ்பார்க் கொடுக்கும் பாயிண்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் காரின் முந்தைய சொந்தக்காரர் அதைக் கழற்றிவிட்டுச் சென்சாரோடு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்திருந்தார். “நம்மளுது சென்சார் வண்டிங்க” என்று டீக்கடையில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட அப்பா சொல்லுவார். அவர்களும் பாவம், தலையாட்டுவார்கள்.

நான் மூன்றாவது படித்தபோது, தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சென்சார் வண்டி வாசலைவிட்டு நகர மாட்டேன் என்றது. அதுவும் அத்தையின் கல்யாணத்தை முடிக்கப் போகிற நேரத்தில்.

அத்தை அப்பாவின் தங்கை; அவருக்கு அவள் எப்போதும் ‘பாப்பா’தான். ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனியில், கட்டைகளில் கரண்ட் கசிகிறதா என்று சோதித்துப் பார்க்கிற வேலை. சைக்கிளில் போய், முழங்கைவரை வெள்ளைப் பீங்கான் மாவோடு சிரித்துக்கொண்டே வருவாள். தன் சம்பளத்தில், கரண்ட் வந்தால் முள் ஆடுகிற ஒரு மீட்டர் வாங்கி வைத்திருந்தாள். தெருவில் யார் வீட்டு அயர்ன் பாக்ஸ் நின்றுபோனாலும் அத்தையும் மீட்டரும் போவார்கள், கூடவே நானும்.

பெண்ணாடத்து மாப்பிள்ளையைக் கொண்டுவந்தவர் பெரியப்பா. கரும்புக்காடு, மாடி வீடு எல்லாம் உண்டு. பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர்களுடைய நிபந்தனை. அத்தையை யாரும் கேட்கவில்லை. அவளும் அந்த வாரம் முழுக்க யாரிடமும் பேசவில்லை. பெரியப்பா அதை அடக்கம் என்று மெச்சிக்கொண்டார்.

அன்றைக்குப் பெரியவர்கள் அங்கே போய்க் கை நனைப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டு எழுந்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. அப்புறம் பேச்சு மாற முடியாது. பெண் போகக் கூடாது என்பதால் அத்தை வீட்டிலேயே இருந்தாள்.

பழத்தட்டுகள் பின்சீட்டில் ஏறிவிட்டன. அப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தும் அதே கதைதான்.

பெரியப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. “தட்டோட கெளம்பறப்ப இப்பிடியா? சின்னக் கோளாறுன்னா சரி பண்ணு, போவலாம். எமகண்டத்துக்கு முன்ன கெளம்பலன்னா இது தடங்கலு. நான் வரமாட்டேன்.”

“பஸ்ஸுல போயிடலாங்களே” என்றாள் அம்மா.

“சம்பந்தம் பேச பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போறதா?” என்று அவர் ஒரு அதட்டுப் போட, அம்மா உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கிடைக்க மாட்டார். கிடைத்தாலும் சென்சார் என்றால் கும்பிடு போடுவார். கடைசியில் அத்தையைத்தான் கூப்பிட்டார்கள். எஞ்சின் சுற்றும்போது சென்சாரிலிருந்து ஒரு வோல்ட்டுக்கும் குறைவான துளி மின்சாரம் வரும், பக்கத்திலிருக்கும் சின்னப் பெட்டி அதை வாங்கி ஸ்பார்க்குக்கு உத்தரவு போடும் என்று அவள் எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். சென்சார் ஒயரை உருவி மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தாள். அப்பா உள்ளே இருந்து சாவியைத் திருப்பினார்.

முள் துடித்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

“வோல்டேஜ் வரலண்ணே” என்றாள் அத்தை.

“ஆடுச்சே அத்தை!” என்று கத்திவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் அதுதான், எப்படி விடுவேன்? அத்தை மீட்டரைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்பா இறங்கி வந்தார். “நீ சாவியத் திருப்பு பாப்பா, நான் பாக்குறேன்.”

அத்தை போய் உட்கார்ந்தாள். முள் மறுபடியும் நன்றாகவே ஆடியது. அப்பா அதைப் பார்த்தார். ஒயரைப் பழையபடி சொருகிவிட்டு, அந்தப் பெட்டியின் பின்னால் கையை விட்டுத் துழாவினார். கை ஓரிடத்தில் நின்றது. நிமிர்ந்து பானெட்டுக்குப் பக்கவாட்டில் எட்டி அத்தையைப் பார்த்தார். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்திருந்தாள்.

பிறகு தோளில் கிடந்த பழந்துணியை எடுத்து அந்தப் பெட்டியின்மேல் போட்டு மூடினார். பானெட்டைச் சாத்தினார்.

“சென்சாரு போயிடுச்சுண்ணே. இன்னிக்கு ஒண்ணும் ஆவாது.”

ஊரெல்லாம் பெருமையடித்த அந்தச் சென்சாரை அப்பா இப்படிக் கைவிடுவார் என்று நான் நினைக்கவே இல்லை. பெரியப்பா தட்டிலிருந்த வெற்றிலையில் இரண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, “கடவுளாப் பாத்து நிறுத்திட்டாரு” என்று சொல்லி ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றுபோனது. அப்பாவுக்கும் அத்தைக்கும் கண்ணாடி போட வேண்டும் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் வாயில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்தாள்.

வெயில் தாழ்ந்ததும் அப்பா பானெட்டைத் திறந்தார். அத்தை பக்கத்தில்தான் நின்றாள். மீட்டரை யாரும் தேடவில்லை. அப்பா நேராக அந்தத் துணியை எடுத்தார், பின்னால் கழன்று கிடந்த ஒரு ஒயரைக் கட்டைவிரலால் அழுத்திச் சொருகினார். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

“வா பாப்பா, ஆத்துப் பாலம் வரைக்கும் போயிட்டு வரலாம்” என்றார்.

அத்தை முன்சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின்னால் வைக்கோல் துரும்பில், கையில் மீட்டரோடு. மணிமுத்தாற்றுக் காற்று முகத்தில் அடித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். எட்டிப் பார்த்தால், அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அப்பா மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

வண்டிதான் சரியாகிவிட்டதே, இதற்கு ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.