பீரோவுக்குப் பதில் அண்டா

வீட்டைச் சாமானோடு விற்பதா, காலி செய்து விற்பதா என்று எங்கள் வீட்டில் எட்டு நாள் சண்டை நடந்தது. விற்பதா வேண்டாமா என்று ஒரு நாள்கூட நடக்கவில்லை. அது முடிந்துபோன விஷயம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு மூன்று. திருத்தணியில் மலைப் படிக்கட்டுக்குப் போகிற வழியில் ஒரு சந்து உண்டு. அதில் எங்கள் வீடு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ஒருநாள் மூட்டையோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முதுகில் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டை விற்றுவிட்டு பக்கத்துக் கிராமமான கே.ஜி.கண்டிகையில் வாடகைக்குப் போவதென்று முடிவானது. அங்கே அம்மாவுக்குக் கழனி வேலை கிடைக்கும்.

மிச்சம் இருந்தது சாமான்தான். கட்டில், பெஞ்சு, ஃபேன், கிரைண்டர், பாய் தலையணை, பாத்திரம், பீரோ.

எல்லாவற்றையும் வீட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்றார் நைனா. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"வெறும் ஊட்டுக்குத்தான் வெல பேசினாங்க. என் சாமான் இன்னா, கொசுறா?"

"கண்டிகையில எங்க வெப்ப? உன் தல மேலயா?"

"ஆங், வெப்பேன். நீ இத்தினி வருசம் ஊரான் மூட்டையெல்லாம் தல மேல வெச்சுகினு இருந்தல்ல?"

இப்படித் தினமும் நடக்கும். சண்டைக்கு நடுவிலேயே அம்மா நைனாவைத் திருப்பிப் படுக்க வைத்து முதுகில் எண்ணெய் தேய்ப்பாள். அப்போதும் வாய் ஓயாது.

ஆறாவது நாள் நைனா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் எல்லார் சாமானும் தூக்கினவன். இப்ப காலி பண்ணினா என் சாமான எவனோ வந்து தூக்கினு போவான். சந்தே நின்னு வேடிக்க பாக்கும். நான் கட்டில்ல படுத்துகினு பாக்கணும். கடைசியா அந்தக் கட்டிலையும் கேப்பான். எழுந்திருன்னுவான்."

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தாள். எட்டாவது நாள், சோறு போடும்போது சொன்னாள். "பீரோ மட்டும் எனக்கு. மத்தது போவட்டும்."

நைனா தலையை ஆட்டினார். சண்டை முடிந்தது.

எனக்குச் சந்தோஷம். பீரோ அம்மாவின் கல்யாணத்துக்கு அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. பச்சை நிறம். கதவில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி. சந்தில் வேறு யார் வீட்டிலும் அவ்வளவு பெரிய கண்ணாடி கிடையாது. கீழ்த் தட்டின் ஓரத்தில் நான் ஸ்டிக்கர் பொட்டுகளை வரிசையாக ஒட்டி வைத்திருந்தேன். அது என் சொத்து.

வீட்டை வாங்குகிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்த்து ரிட்டயரானவர். கூடவே அவர் சம்சாரம். அந்த அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"அடுத்தவங்க படுத்த கட்டில்ல நான் படுக்க மாட்டேன். எல்லாத்தையும் காலி பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க."

"உன்ன யாருடி படுக்கச் சொன்னது? கிருத்திகைக்கு வர்றவங்க படுப்பாங்க."

விஷயம் அதுதான். திருவிழா நாளில் ஊரில் தங்க இடம் கிடைக்காது. வீட்டை அப்படியே வாடகைக்கு விடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

அவர் ஒவ்வொன்றாகக் கைகாட்டினார். கட்டில்? நைனா 'ஆங்' என்றார். கிரைண்டர்? ஆங். ஃபேன்? ஆங். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. பீரோ மட்டும் இல்லீங்க என்றார் நைனா. சரி என்றவர், தலையைத் தூக்கிப் பரணைப் பார்த்தார்.

"மேல அண்டா ஒண்ணு கீதே, அதுவும் சேத்துதான?"

"ஆங்."

நைனாவுக்கு முதுகு வலி. எப்போது முடியும் என்று இருந்தார். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"அது எங்களுது இல்லீங்க."

அந்த அண்டா நகரிக்காரர்களுடையது. நகரி எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் இருக்கிறது. வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு அங்கிருந்து பதினெட்டுப் பேர் காவடியோடு நடந்தே வருவார்கள். எங்கள் வீட்டில்தான் தங்கிச் சமைப்பார்கள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். வாடகை என்று ஒன்றும் கிடையாது. ஒரு மூட்டை வேர்க்கடலை கொண்டுவருவார்கள். நடந்து வருகிறவர்கள் அண்டாவைச் சுமக்க முடியாது என்பதால் அதை எங்கள் பரணிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். அவர்களில் பெரியவரை அம்மா அண்ணா என்பாள். எனக்கு அவர் நகரி மாமா.

அம்மா இதையெல்லாம் சொன்னாள். ரயில்வேக்காரர் சிரித்தார்.

"ஊட்டுக்குள்ள இருக்கறது உங்களுது இல்லன்னா வேற யாருதும்மா? இந்த சைஸ் இப்ப எங்க கெடைக்குது? அவரு வாயால சொல்லிட்டாரு."

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா ஃபேனைப் பார்த்தார்.

"அதுக்குப் பதிலா பீரோவ எடுத்துக்குங்க" என்றாள் அம்மா.

ரயில்வேக்காரரின் சம்சாரம் எழுந்துபோய் பீரோவைத் திறந்தார், மூடினார். கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அடுத்தவங்க சாமானே வேண்டாம் என்றவர்தான்.

"இது நல்லாத்தான் கீது" என்றார்.

அவர்கள் போனதும் நான் தரையில் புரண்டு அழுதேன். "யாரோ அண்டாவுக்கு நம்ம பீரோவா?"

"நம்ம சாமானத்தான் நாம விக்க முடியும். எழுந்து மூக்கத் தொடச்சிக்கோ" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

நைனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரமே வீட்டை ஒப்படைத்தோம். அம்மா பீரோவிலிருந்து துணிகளை எடுத்து மூட்டை கட்டினாள். சாவியைக் கொடுத்தாள். அவள் அழவில்லை. ஸ்டிக்கர் பொட்டில் இரண்டை மட்டும் நான் பிய்த்துக்கொண்டேன். பிறகு அவை எங்கேயும் ஒட்டவில்லை.

அண்டாவோடு டவுன் பஸ் ஏறினோம். கண்டக்டர் வழியை மறித்தார்.

"இன்னாம்மா, ஊருக்கே சோறாக்கப் போறியா?"

"ஆங். நீயும் வா. எல போடறேன்."

பஸ் சிரித்தது. தம்பியை அண்டாவுக்குள் உட்கார வைத்தோம். கண்டிகை வரும்வரை அவன் அதற்குள் கத்திக் கத்தி எதிரொலி கேட்டுக்கொண்டு வந்தான்.

கண்டிகையில் சிமென்ட் ஷீட் போட்ட ஒரே அறை. அண்டாவை வெளியில் வைக்க அம்மாவுக்குப் பயம். கவிழ்த்து உள்ளே வைத்தாள். அது பாதி இடத்தை எடுத்துக்கொண்டது. ஆபரேஷன் முடிந்து வந்த நைனாவுக்கு ஒரு பக்கம் பலகை. மிச்சத்தில் நாங்கள். நான் அண்டாவைச் சுற்றி வளைந்துதான் படுப்பேன். தூக்கத்தில் உதைத்தால் டங் என்று கேட்கும். "தள்ளிப் படு பாப்பா, நகரி மாமாவுக்கு இடிக்குது" என்பார் நைனா. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கை அது.

ஆடி வந்தது. கிருத்திகை அன்று விடியும்போதே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு திருத்தணிக்குப் போனாள். பழைய சந்தின் முனையில் நின்றாள். சந்துக்குள் எட்டிப் பார்க்கவில்லை. நகரிக்காரர்கள் அந்தக் கதவைத் தட்டிவிடக் கூடாது என்று நின்றாள்.

வந்தார்கள். முன்னால் மாமா, தோளில் மயிலிறகுக் காவடி.

"இன்னா தங்கச்சி, இங்க நிக்கற?"

"ஊடு மாத்திட்டோம்ணா. கண்டிகையில. சாமி பாத்துட்டு வாங்க, பஸ்ஸுல போயிடலாம். அங்க எடம் நெறய கீது."

விற்றுவிட்டோம் என்று அவள் சொல்லவில்லை. மாமாவும் கேட்கவில்லை.

பதினெட்டுப் பேரும் வந்தார்கள். வாசலில் அடுப்பு மூட்டினார்கள். அண்டா கொதித்தது. கண்டிகைத் தெருவே வந்து சாப்பிட்டது. அம்மா அன்றைக்கு ஓடிக்கொண்டே இருந்தாள். பழைய வீட்டில்கூட அவளை அப்படிப் பார்த்ததில்லை.

சாயந்திரம் அண்டாவைக் கழுவி உள்ளே கவிழ்த்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் அறைக்குள் வந்தார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். உட்கார இடமில்லை. மாமா நாலு பக்கமும் பார்த்தார்.

"நீ எங்க படுப்ப பாப்பா?" என்று கேட்டார்.

யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் அத்தனை மாதமாகக் காத்திருந்தேன். நடித்தே காட்டினேன். அண்டாவைச் சுற்றி வளைந்து படுத்தேன்.

"இப்டித்தான் மாமா. கால நீட்டினா அண்டா. கைய நீட்டினா நைனா."

"ஏய்" என்றாள் அம்மா. அதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். மாமா சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

ராத்திரி பக்கத்து வீட்டுத் திண்ணைகளில் படுத்திருந்துவிட்டு, மறுநாள் காலை கிளம்பும்போது மாமா சொன்னார். "தங்கச்சி, அடுத்த வருசத்துல இருந்து வேன் வெச்சு வரப்போறோம். யாருக்கும் காலு முடியல. அண்டாவ எடுத்துகினு போறோம். வேன்லயே போட்டு எடுத்துகினு வந்துடலாம். மலையடியிலயே ஆக்கிக்கறோம்."

"இங்கயே இருக்கட்டும்ணா. எடம் கீது."

"கீதும்மா. இல்லன்னு யாரு சொன்னது?"

அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். பஸ் மேலே அண்டாவைக் கட்டினார்கள்.

அறையில் அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம். அம்மா துடைப்பத்தை எடுத்தாள். பெருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டை விற்றபோதும் பீரோ சாவியைக் கொடுத்தபோதும் அழாதவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "வுடு" என்றார் நைனா பலகையிலிருந்து.

அண்டாவுக்காகவா இந்த அழுகை என்று நினைத்தேன். அன்றைக்கு நான் காலை நன்றாக நீட்டிப் படுத்தேன்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு அம்மா ஒரு குடம் மோரோடு மலையடியில் உட்கார்ந்திருந்தாள். நான் கூட்டத்தில் மாமாவைத் தேடிக் கண்டுபிடித்தேன். காலெல்லாம் புழுதி. பின்னால் இரண்டு பேர் மூங்கிலில் கட்டிய அண்டாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"வேன் எங்க மாமா?"

"பின்னால வருது பாப்பா."

நான் ரோட்டில் நின்று வெகுநேரம் பார்த்தேன். பிறகு அம்மாவிடம் ஓடினேன்.

"மாமா பொய் சொல்லிட்டாரும்மா. வேனே இல்ல. நகரியில இருந்து நடந்துதான் வந்திருக்காங்க, அண்டாவையும் தூக்கினு."

"ஆங். தெரியும்" என்றாள் அம்மா.

நான் பொய் சொன்னால் துடைப்பம்தான் பேசும். மாமா சொன்ன பொய்க்கு அம்மா ஒரு பெரிய சொம்பு நிறைய மோர் ஊற்றி, சிந்தாமல் கொண்டுபோய்க் கொடு என்று என் கையில் தந்தாள். பெரியவர்கள் பொய் சொன்னால் மோர் கிடைக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.