ஒரு கரண்டி எண்ணெய்

இன்று நான் வேலை செய்யும் கஹவத்தை கராஜில், அழுத்தம் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றி எஞ்சினை மறுபடி சுற்றியபோது அழுத்தமானியின் முள் சட்டென்று ஏறியது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால்தான் அப்படி ஏறும். இடைவெளியை எண்ணெய் அடைத்துவிடும். எண்ணெய் கருகிய அந்த வாசனையில் அப்பா ஓட்டிய தேயிலைக் கொழுந்து லொறி நினைவுக்கு வந்தது.

இப்போது புல் மண்டிக் கிடக்கும் எங்கள் தோட்டத்து ஃபெக்டரிக்குப் போகும் கடைசி ஏற்றத்தில் அது நீலப்புகை கக்கி முனகி நிற்கும், கண்ணூறு படக்கூடாதென்று கட்டிய எலுமிச்சங்காய்கள் நடுங்கும், கொழுந்துச் சாக்குகள் மேலிருந்து இறங்கும் பெண்கள், "அண்ணே, ஒங்களயும் சேத்துத்தான் தள்ளணுமா?" என்று சிரித்துக்கொண்டே தள்ளுவார்கள்.

லொறி பெட்ரோலும் அதிகம் குடித்தது. "புது ரிங் போட்டு ஒரு மாசந்தான் ஆகுது. டிரைவர்தான் பெட்ரோல விக்கிறான்" என்றார் தோட்டத்து மெக்கானிக். தோட்ட நிர்வாகம் அப்பாவை லொறியிலிருந்து இறக்கிப் புல்வெட்ட அனுப்பிவிட்டது.

அந்த மெக்கானிக் ரிங் மாற்றவே இல்லையோ? உடனே அப்பாவுக்கு ஃபோன் செய்தேன்.

"அத ஏம்புள்ள இப்ப கிளறுற? விடு."

அந்த 'விடு' அப்பாவையே சந்தேகிக்க வைக்கிறது.

அப்பாவுக்குப் பிறகு யாரும் ஓட்டாத லொறி கொட்டகையிலேயே துருப்பிடித்து நிற்கிறது. வரும் போயா பௌர்ணமி விடுமுறையன்று ஸ்பெனர்களோடு போய்ப் பிஸ்டனைக் கழற்றப்போகிறேன். துருவேறியிருந்தாலும் புது ரிங்கா, தேய்ந்த பழசா என்று தெரிந்துவிடும். அதற்கு முன், "நீங்களும் வாங்கப்பா" என்று கூப்பிட வேண்டும். வருகிறாரா, பார்க்கலாம்.