களஞ்சியத்தில் கொட்டிய தக்காளிப் பூ

லிங்க் சாரிடம் மணி என்ன என்று கேட்டுவிடாதீர்கள். கையில் கடிகாரம் கட்டியிருந்தாலும் பார்த்துச் சொல்ல மாட்டார். "அனுப்பியிருக்கேன், பாருங்க" என்பார். உங்கள் போனில் நீல எழுத்தில் ஒரு வரி வந்து உட்கார்ந்திருக்கும். தட்டினால், உலகத்தில் எந்த ஊரில் இப்போது மணி என்ன என்று ஒரு பெரிய பக்கம் விரியும். அதில் உங்கள் ஊரைத் தேடிப் பிடிப்பதற்குள் நீங்கள் ஏற வேண்டிய பஸ் போயிருக்கும்.

பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது. அந்தப் பன்னாட்டுக் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் வாசல் காவலாளி முதல் இயக்குநர் அம்மா வரை எல்லோருக்கும் அவர் லிங்க் சார்தான். கேலிக்கு வைத்த பெயர் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் யாராவது அப்படிக் கூப்பிட்டால் உள்ளுக்குள் கொஞ்சம் குளிரத்தான் செய்யும்.

ஆரம்பத்தில் அவர் அங்கே நூலகர். புத்தகம் தேடி வருபவர்கள் குறைந்துகொண்டே போய், கடைசியில் ஏசிக்காக வந்து உட்காருபவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். ஒரு நாள் புத்தகங்களை அடித்தளத்துக்கு இறக்கினார்கள், அவரை மாடிக்கு ஏற்றினார்கள். கதவில் 'அறிவுப் பகிர்வு அலுவலர்' என்று ஒரு பலகை. அதைப் படித்துவிட்டு வந்த முதல் ஆள் தண்ணீர் கேன் போடுபவர். "சார், இங்க என்ன வேலை நடக்கும்?" என்று கேட்டார். லிங்க் சார் அவருக்கும் ஒரு லிங்க் அனுப்பினார்.

வேலை என்னவோ நல்ல வேலைதான், சும்மா சொல்லக் கூடாது. நிலையத்துக்குப் பல நாடுகளில் கிளைகள் உண்டு. ஒரு நாட்டில் ஒருவர் கத்தரிப் புழுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அதே புழுவோடு இன்னொரு நாட்டில் வேறொருவர் ஏற்கெனவே மல்லுக்கட்டித் தோற்றிருப்பார். இவருக்கு அவரைத் தெரியாது. அதனால் அதே தோல்வியை மறுபடி முதலிலிருந்து, பொறுமையாக, முழுச் செலவு செய்து தோற்பார். இந்தக் கூத்து நிற்க வேண்டும் என்றால் எல்லோரும் தாங்கள் கண்டதைக் கணினியில் ஓரிடத்தில் போட்டு வைக்க வேண்டும். அந்த இடத்தைக் கட்டியவர் லிங்க் சார். 'கூட்டுக் களஞ்சியம்' என்று பெயரும் அவரே வைத்தார். ராத்திரி பகல் பாராமல் உழைத்தார். பிள்ளை இல்லாத வீட்டில் அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தார் என்றே சொல்லலாம்.

கட்டி முடித்ததும் ஆசை ஆசையாகத் திறந்து வைத்தார். உள்ளே நுழைய ஒரு படிவம். பயிர், இரகம், மண், மழை, உரம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். எதையும் விட்டுவிட்டுப் போக முடியாது. கடைசிக் கட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் செடி காய்த்து, காய் பழுத்து, பழம் அழுகியே போய்விடும்.

போதாக்குறைக்கு ஆராய்ச்சியாளர்கள் வேறு. கட்டுரை அச்சில் வரும்வரை கண்டதை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது அவர்கள் கட்சி. கீழ்த்தளத்தில் தக்காளி ஆராய்ச்சி செய்யும் பெரியவர் தன் கணக்குகள் அத்தனையையும் ஒரு பென் டிரைவில் போட்டு, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருப்பார். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று கேன்டீனில் பேச்சு உண்டு. அவருக்குப் பெயர் பூட்டு டாக்டர்.

"டாக்டர், களஞ்சியத்துக்கு ஏதாவது..." என்று லிங்க் சார் ஆரம்பித்தாலே போதும், அவர் கை தானாகப் போய் நெஞ்சைப் பொத்திக்கொள்ளும். "அடுத்த சீசன் பார்க்கலாம்" என்பார். எத்தனையோ சீசன் வந்து போயின.

ஆகக்கூடி, களஞ்சியம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் 'பகிர்வது எப்படி?' என்று லிங்க் சார் எழுதிய வழிகாட்டிகள். பல மொழிகளில் இருந்தன. அவற்றை அடிக்கடி திறந்து பார்த்தவரும் அவர்தான்.

இந்தப் பக்கம் வீடு. அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்புதான், குரல் இன்னும் பணியில்தான் இருந்தது. மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கும் பிள்ளையை இங்கிருந்தே நிமிர வைத்த குரல். பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததும் அந்தக் கண்டிப்பையெல்லாம் மொட்டைமாடித் தொட்டிகள் மீது இறக்கினார். மிளகாய் கேட்டது. கத்தரி கேட்டது. தக்காளி மட்டும் கேட்கவில்லை. பூக்கும், கொட்டும். மறுபடி பூக்கும், மறுபடி கொட்டும்.

"என்னங்க, உங்க ஆபீஸ்ல இத்தனை டாக்டருங்க இருக்காங்களே. ஒருத்தரைக் கேட்டுச் சொல்லக் கூடாதா?"

"அனுப்பறேன்" என்றார் லிங்க் சார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அனுப்பவும் செய்தார். அந்தம்மா தட்டினால், பாஸ்வேர்டு கேட்டது.

அடுத்த வாரமும் கேட்டார். அதற்கடுத்தும் கேட்டார். ஒவ்வொரு முறையும் லிங்க் வந்தது, பதில் வரவில்லை. மனுஷன் கெட்டவர் இல்லை. காது மட்டும் எப்போதும் வேறு நாட்டில் இருக்கும்.

அப்போதுதான் லிங்க் சாருக்கு ஒரு யோசனை வந்தது. படிவம் நிரப்பத்தானே சோம்பல்படுகிறார்கள்? வயலில் நின்றபடியே போனில் படம் எடுத்து, இரண்டு வார்த்தை பேசி அனுப்பினால் போதும். இயந்திரமே அதைக் கேட்டு எழுதும், மொழிபெயர்க்கும், களஞ்சியத்தில் போடும், எல்லா நாட்டுக்காரர்களுக்கும் தெரியப்படுத்தும். மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தார். அது எழுதவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒரு நாள் காலையில், சோதித்துப் பார்க்கத் தன் போனையே அதோடு இணைத்தார். அதில் வந்து விழும் எந்தக் குரலும், கூட வரும் படமும் நேராகக் களஞ்சியத்துக்குப் போகும்படி செய்துவிட்டு நிமிர்ந்தபோது, இயக்குநர் அம்மா கூப்பிடுவதாக ஆள் வந்தது.

இயக்குநர் அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"தலைமையகத்துல இருந்து மதிப்பீட்டுக் குழு வருது சார். களஞ்சியத்தை யார் உபயோகப்படுத்துறாங்கன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"வழிகாட்டிகளை நிறையப் பேர் பார்க்கிறாங்க மேடம்."

"அது நீங்கதானே?"

பழக்கதோஷத்தில் லிங்க் சாரின் கை சட்டைப் பைக்குள் போனைத் தேடியது.

"மூடிடச் சொல்லுவாங்க. எனக்கும் வருத்தம்தான். அடித்தளத்துல புத்தகங்களைப் பார்த்துக்க ஆள் இல்லாம கிடக்கு..." என்று மீதியை அவர் சொல்லாமல் விட்டார்.

வெளியே வந்தவருக்கு மண்டையில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. களஞ்சியம் போகப்போகிறது. அந்தக் கலக்கத்தில் போனின் இணைப்பை எடுக்கும் நினைப்பே வரவில்லை. சட்டைப் பையில் போன் முனகியது. மனைவியிடமிருந்து ஒரு படம், கூடவே நீளமான ஒரு குரல் செய்தி. வழக்கம்போல அதைக் கேட்காமலே ஒரு கட்டைவிரலை உயர்த்தி அனுப்பிவிட்டார்.

அவர் கேட்கவில்லை. இயந்திரம் கேட்டது. அத்தனை நாள் அடம்பிடித்த இயந்திரம் அன்றைக்கென்று பார்த்து ஒரு சொல் பிசகாமல் எழுதி, அழகாக மொழிபெயர்த்து, அத்தனை நாடுகளுக்கும் அனுப்பி வைத்தது. செய்தி இதுதான்:

"என்னங்க, நான்தான். தக்காளி திரும்பவும் கொட்டிடுச்சு. படம் அனுப்பியிருக்கேன், கண்ணைத் திறந்து பாருங்க. ஊருக்கெல்லாம் பகிருங்க பகிருங்கன்னு தொண்டை கிழியக் கத்துறீங்க. வீட்டுல ஒருத்தி கேக்குற கேள்விக்கு வாயத் திறக்க மாட்டேங்குறீங்க. உங்க ஆபீஸ்ல தக்காளியைப் பத்தித் தெரிஞ்சவங்க யாராவது உயிரோட இருக்காங்களா, இல்லையா?"

மறுநாள் காலை களஞ்சியத்தைத் திறந்தவருக்கு முதலில் வேறு யாருடைய பக்கத்தையோ திறந்துவிட்டோம் என்று தோன்றியது. வரிசையாகப் பதில்கள். அப்புறம் மேலே இருந்த படத்தைப் பார்த்தார். அவர் வீட்டு மாடி. அவர் வீட்டுத் தொட்டி. கீழே அவர் மனைவியின் வாய்மொழி.

முதல் பதில் கடல் கடந்த கிளையிலிருந்து வந்திருந்தது. 'அம்மா, நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று ஆரம்பித்து, ராத்திரியிலும் வெக்கை குறையாவிட்டால் பூ நிற்காது என்று விளக்கியிருந்தார் ஒருவர். வெக்கை இல்லை, உரம் அதிகம் என்று வேறொரு நாட்டுக்காரர் மறுத்திருந்தார். முதலாமவருக்கு ரோஷம் வந்து, தன் வயலில் பல பருவங்களாக எடுத்த கணக்கை அப்படியே இணைத்திருந்தார். லிங்க் சார் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டும் கண்ணில் காட்டாத கணக்கு! அதைத் தப்பு என்று காட்ட இரண்டாமவர் தன்னுடையதை இறக்கியிருந்தார். நடுவில் ஒருவர், வேறு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், தன் மனைவியும் இப்படித்தான் என்று எழுதியிருந்தார்.

அழிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கதவு படாரென்று திறந்தது. பூட்டு டாக்டர் மூச்சு வாங்க நின்றார். மாடி ஏறி அவரை யாரும் பார்த்ததில்லை.

"வெக்கையாம், உரமாம்! காத்து உள்ள வரலைன்னா பூ எப்படிய்யா அசையும்? அசையலைன்னா மகரந்தம் எப்படி உதிரும்? நான் காட்டுறேன் இவனுங்களுக்கு!" என்றவர், கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றிப் பென் டிரைவை மேஜைமேல் வைத்தார். "அந்தம்மாவைக் கேளுங்க, செடியைச் சுத்தி ஏதாவது அடைச்சு வெச்சிருக்காங்களான்னு."

அன்று சாயங்காலம் லிங்க் சார் மனைவியிடம், "மாடியில செடிக்கு ஏதாவது மறைப்பு போட்டிருக்கியா?" என்று கேட்டார். அந்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். உடம்புக்கு ஏதாவதா என்று நெற்றியில் கை வைத்தும் பார்த்தார்.

"காத்துக்கு ஒடியுதுன்னு சுத்தி பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருக்கேன். ஏன்?"

"சும்மாதான்" என்றார் லிங்க் சார். பதில் உடனே களஞ்சியத்துக்குப் போனது. அங்கே ஒரே ஆரவாரம். அடுத்தடுத்த நாட்களில் தண்ணீர், வெயில், தொட்டியின் ஆழம் என்று கேள்விகள் வர வர, அவரும் சும்மாதான் சும்மாதான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தக்காளிச் சண்டையிலிருந்து வெள்ளரிச் சண்டை கிளைத்தது. அதிலிருந்து பாகற்காய்ச் சண்டை. களஞ்சியம் நிரம்பியது. சிவப்பு நட்சத்திரத்தை ஒருவரும் சீண்டவில்லை.

குழு வருவதற்கு முந்தின நாள் இயக்குநர் அம்மா அவரை மறுபடி கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பிரமாதம் சார்! இதைத்தான் நாளைக்குக் காட்டப்போறோம். ஆமா, அந்தம்மாகிட்ட அனுமதி வாங்கிட்டீங்க இல்ல? 'உரியவர் சம்மதமில்லாமல் எதையும் வெளியிடக் கூடாது'ன்னு முதல் விதியே நீங்க எழுதினதுதானே?"

"அவங்க... என் மனைவி மேடம்."

"அப்போ சுலபமாப் போச்சு."

"உங்களுக்கு அவளைத் தெரியாது மேடம்."

இயக்குநர் அம்மாவின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. "காலைக்குள்ள சம்மதம் வாங்குங்க. இல்லன்னா மொத்தத்தையும் எடுத்துடுங்க. அதுக்கப்புறம் குழுவுக்குக் காட்ட நம்மகிட்ட ஒண்ணும் இருக்காது" என்றார்.

வெயில் தாழ்ந்ததும் லிங்க் சார் மாடி ஏறினார். அந்தம்மா மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். லிங்க் சார் லிங்க் அனுப்பவில்லை. போனையே நீட்டினார். நடந்ததையெல்லாம் முன்னும் பின்னுமாகக் கொட்டித் தீர்த்தார். வெட்கத்தில் காது மடல் சிவந்திருந்தது.

அந்தம்மா பூவாளியைக் கீழே வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியை மாட்டினார். தன் ஏச்சை முழுசாகப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பதில்களைப் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், பரீட்சைத் தாள் திருத்துவதைப் போல. 'உயிரோடுதான் இருக்கிறேன்' என்ற இடத்தில் உதட்டோரம் லேசாக அசைந்தது. லிங்க் சாருக்கு மூச்சு வந்தது. பூட்டு டாக்டரின் பதில் வந்தபோது திரும்பித் தன் பிளாஸ்டிக் ஷீட்டை ஒரு முறை முறைத்தார். கடைசிவரை போனார். மறுபடி மேலே வந்து, மறுபடி கீழே போனார்.

"என்ன தேடுற?"

"எல்லாரும் பதில் போட்டிருக்காங்க. யார் யாரோ, எந்தெந்த நாட்டுக்காரங்களோ." கண்ணாடியைக் கழற்றினார். மைதானத்துக் குரல் இல்லை, வேறு குரல். "நான் கேட்டது உங்களைங்க. உங்க பதில் எது?"

லிங்க் சாருக்குச் சுருக்கென்று தைத்தது. களஞ்சியத்தில் இல்லாதது ஒன்று உண்டென்றால் அது அவர் பதில்தான். அனுப்ப அவரிடம் லிங்கும் இல்லை. பிறகு போனை வாங்கி, எல்லாப் பதில்களுக்கும் கீழே, தட்டுத் தடுமாறி எழுதினார்: 'எனக்குத் தெரியாது. நீ கேட்டபோதெல்லாம் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். கூட வந்து பார்த்திருக்கவாவது வேண்டும். இப்போது வந்திருக்கிறேன்.' அனுப்பு என்பதைத் தட்டினார். அது மொழி மொழியாகப் பெயர்ந்து அத்தனை நாடுகளுக்கும் போனது.

அந்தம்மா படித்தார். நேராகப் போய் பிளாஸ்டிக் ஷீட்டின் ஒரு பக்கக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். மறுபக்கத்தை லிங்க் சார் அவிழ்த்தார். உள்ளே அடைந்திருந்த வெக்கை வெளியே வந்தது. சம்மதம் உண்டா இல்லையா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்ததை இரண்டு முறை விழுங்கினார்.

"அன்னிக்கு என் பேச்சு எந்த வழியாப் போச்சு?" என்று அந்தம்மாவே கேட்டார்.

"போன் வழியா. இணைப்பை எடுத்துட்டேன்."

"திரும்பப் போடுங்க."

போட்டார். அந்தம்மா தன் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, நிமிர்ந்து நின்றார். இந்த முறை மைதானத்துக் குரல்.

"எல்லாருக்கும் வணக்கம். தக்காளி அம்மாதான் பேசுறேன். ஷீட்டைப் பிரிச்சாச்சு. நான் பேசினது அங்கேயே இருக்கட்டும், யாரும் எடுக்க வேணாம். ஆனா இவர் கடைசியா எழுதியிருக்காரே, அதைக் கொண்டுபோய் எல்லாத்துக்கும் மேல வைங்க. நல்லாத் தெரியட்டும்."

லிங்க் சாரின் சட்டைப் பையில் போன் முனகியது. இந்த முறை அவர் கட்டைவிரலை அனுப்பவில்லை. எடுத்துக் காதில் வைத்து, பக்கத்திலேயே நிற்கும் மனைவியின் குரலை முதலிலிருந்து கடைசிவரை கேட்டார்.