நானூற்று இருபத்தாறுக்காக ஒரு முற்றுகை

நானூற்று இருபத்தாறு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணின் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கொடுத்த எண் அது. அவளுக்கும் அவள் வீட்டுக்கும் மட்டும் தெரிந்திருந்தால் போதும். ஆனால் ஒரு முற்பகலில் கல்லூரி அலுவலகத்தின் முதல் மாடி முழுக்க அது கேட்டது. கேட்க வைத்தவர் அவளைப் பெற்ற அப்பா.

பஸ் பணிமனையில், டயர் பிரிவில் அவருக்கு வேலை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். 'கோரிக்கை' என்றால்தான் திரும்புவார். குடிதண்ணீர்க் குழாய் ஒழுகினால் கோரிக்கை, கேன்டீன் பெஞ்சு ஆடினால் கோரிக்கை. ஆள் சேர்ப்பார், மேலாளர் அறைக்குள் நுழைவார், வாங்காமல் வெளியே வர மாட்டார். கையுறை அப்படித்தான் வந்தது. காற்றடிக்கும்போது டயரை வைக்கிற இரும்புக் கூண்டும் அப்படித்தான் வந்தது. அது வந்த பிறகு டயர் வெடித்து ஒருவர் முகமும் கிழியவில்லை. இதில் எதையும் குறைத்துச் சொல்வதற்கில்லை.

சிபாரிசு என்றால் மட்டும் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். மேலாளரின் மைத்துனன் கொல்லை வழியாக ஃபோர்மேன் ஆக வந்தபோது, வாசலை மறித்து மழையில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர் அவர்தான்.

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகை பாதியாவது வந்தால் சேரலாம், அதற்குக் குறைந்தால் இந்த வருடம் கிடையாது. இதை அவளே வாயால் சொல்லிவிட்டாள். முடிவு வர வேண்டிய தேதி வந்தது, போனது. போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். குளிக்கப் போகும்போதும் அதை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

"நான் போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா?"

"வேணாம்பா. அவங்களே சொல்லுவாங்க."

"சும்மா இருந்தா எவனும் குடுக்க மாட்டாம்மா. எத்தனை ஆபீசு பாத்திருக்கேன்."

"இது உங்க டிப்போ இல்லப்பா. தயவு செஞ்சு அங்க போகாதீங்க."

தலையாட்டினார். மறுநாள் கேன்டீனில் டீ ஆறுவதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்தார். 'ஹாரன்' என்று ஒரு டிரைவர். அவருடைய தொண்டைக்கு வைத்த பெயர் அது.

"நம்ம புள்ளைக்கா இழுத்தடிக்கறானுங்க? அண்ணே, நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க" என்றார் ஹாரன்.

"எவனுக்கோ குடுக்கத்தான் நிறுத்தி வச்சிருப்பான். கேக்க ஆள் இருக்குன்னு காட்டணும்" என்றார் பக்கத்தில் இருந்த பணிமனைப் பெயின்டர்.

கோரிக்கை தலையை ஆட்டினார். ஷிப்ட் முடிந்தவர்கள் எல்லோரும் கிரீஸ் சட்டையோடு கிளம்பினார்கள்.

அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்களின் நீலச் சட்டை. கூட்டத்தைப் பார்த்ததும் காலை மடக்கி வழிவிட்டார். உள்ளே உதவித்தொகைப் பிரிவு அதிகாரி ஓர் அம்மாள். சுவரோர மேஜையில் கண்ணாடி போட்ட முதியவர் ஒருவர் ஏதோ படித்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை பேர் எதுக்கு? யாராவது ஒருத்தர் பேசுங்க" என்றார் அதிகாரி.

"ரிசல்ட்டை எதுக்கு மேடம் நிறுத்தி வச்சிருக்கீங்க? யாருக்காக? என் பொண்ணு எழுதியிருக்கா. நம்பர் நாலு ரெண்டு ஆறு."

பின்னாலிருந்து ஹாரன் ஆரம்பித்துவிட்டார். "நாலு ரெண்டு ஆறுக்கு!"

"நியாயம் வேண்டும்!" என்றது கூட்டம். பழக்கம், அது பாட்டுக்கு வந்தது. மூன்று தடவை போட்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கோரிக்கைக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, அந்த முதியவர் பேனாவை மூடுகிற வரைக்கும்.

"மேடம், இதை இனிமே நான் படிக்க முடியாது. இது யார் வீட்டுப் பொண்ணுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்று கையிலிருந்த தாள்களை அடுக்கி அதிகாரியிடம் நீட்டினார். மேல் தாளின் மூலையில் நானூற்று இருபத்தாறு.

முதியவர் போய்விட்டார். அதிகாரி கூட்டத்தை வெளியே அனுப்பினார். கோரிக்கையை மட்டும் உட்காரச் சொன்னார். திட்டியிருந்தால் அவர் தேறியிருப்பார். அந்த அம்மாள் திட்டவில்லை.

"முதல்ல குடும்ப நிலைமையைப் பாத்து வரிசை போடுவோம். அப்புறம் விண்ணப்பத்தோட எழுதின கட்டுரை ஒவ்வொண்ணையும் ரெண்டு பேர் தனித்தனியா படிச்சு மார்க் போடுவாங்க. பேர் இருக்காது, அப்பா பேர் இருக்காது. வெறும் நம்பர்தான். எதுக்குத் தெரியுமா? யாரும் சிபாரிசோட வந்துடக் கூடாதுன்னுதான்."

அவர் தரையைப் பார்த்தார்.

"ரெண்டு மார்க்கும் ரொம்பத் தள்ளி இருந்தா மூணாவதா ஒருத்தர் படிக்கணும். லேட்டானது அதனாலதான். உங்க பொண்ணோடதும் அதுல ஒண்ணு. ஒருத்தர் மார்க்கை அள்ளிப் போட்டிருக்கார், ஒருத்தர் குறைச்சுட்டார். இன்னிக்கு சார் படிச்சிருந்தா முடிஞ்சிருக்கும்."

"வேற யாராவது…"

"தேடறேன். ஆனா நாளைக்கு முதல் பட்டியல். அதுல வர்றவங்களுக்கு முழுசாக் கிடைக்கும். இவ அதுக்குள்ள வர முடியாது. மிச்சம் இருக்கறதை ரெண்டாவது பட்டியல்காரங்களுக்குப் பிரிச்சுக் குடுப்போம். அதுல பாதி வருமா, குறைச்சலா வருமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

"என்னைத் தண்டிங்க மேடம். அவ போகாதேன்னுதான் சொன்னா."

"இது தண்டனை இல்லைங்க. படிக்க ஆள் இல்லாமப் போச்சு, அவ்வளவுதான்."

எதிரே முறைக்க ஒரு முதலாளி இல்லை. மேஜையைக் குத்த ஒரு காரணம் இல்லை. எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார்.

பெஞ்சில் இருந்த நீலச் சட்டைப் பெண் எழுந்து நின்றார்.

"அண்ணே, என் பையனும் எழுதியிருக்கான். எனக்குக் கூட வர ஆள் இல்ல. இப்படிச் சத்தம் போட்டாத்தான் குடுப்பாங்களா?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். கோரிக்கைக்குக் காது இரண்டும் கொதித்தது. மைத்துனனாவது ஒற்றை ஆளாக வந்தான். இவர் படையோடு வந்திருக்கிறார்.

"இல்லம்மா. நீங்க பேசாம வீட்டுக்குப் போங்க. உங்க பையனுக்குச் சரியாத்தான் பாப்பாங்க."

படியில் ஹாரன் காத்திருந்தார். "என்னண்ணே, பணிஞ்சுட்டாங்களா?"

"போங்கடா. போய் வேலையைப் பாருங்க."

வீட்டில் மனைவி தையல் மெஷினில் காலர் வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். "ஊருக்கெல்லாம் சிபாரிசு ஆகாதுன்னு முழங்குன வாயி" என்றார். மெஷின் மறுபடி ஓடியது.

மகளிடம் மறைக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. அவள் பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருக்கும்போது, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"என் நம்பரையா கத்துனீங்க?"

"ஹாரன்தான்…" என்று தொடங்கி நிறுத்தினார். "நான்தாம்மா. நான்தான் அழைச்சுட்டுப் போனேன்."

அவள் அழவில்லை. "ஒருத்தர் நல்லாருக்குன்னாரு, ஒருத்தர் இல்லேன்னாரு. அந்தச் சார் என்ன சொல்லியிருப்பார்னு இனிமே நமக்குத் தெரியவே தெரியாதுல்லப்பா?"

முதல் பட்டியலில் அவள் இல்லை. இருக்க மாட்டாள் என்று தெரிந்தும் மேலிருந்து கீழ் வரை படித்தாள். பணிமனையில் யாரோ கேன்டீன் டீ தண்ணீராக இருக்கிறது என்று கோரிக்கையிடம் வந்தார்கள். "வேற யாரையாவது கேளுங்கப்பா" என்று டயரைப் புரட்டினார். ஹாரன் இரண்டு முறை அருகே வந்தார். இரண்டு முறையும் கோரிக்கை ஸ்பேனரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

இரண்டாவது பட்டியல் வந்த மத்தியானம் போன் அடித்தது. கையெல்லாம் கிரீஸ். பெயின்டர் போனை எடுத்து அவர் காதில் வைத்துப் பிடித்தார். கம்ப்ரெசரை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். நிறுத்தினார்கள். பிரிவு முழுக்க அமைதியாகி, எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"அப்பா, வந்துருச்சு."

"எவ்வளவும்மா?"

"நாப்பது பர்சென்ட்."