மாதம்மா எடுக்க மறந்த அளவு

அக்ரஹாரத்தில் ஜாக்கெட் தைக்கும் மாதம்மாவின் ஒரு வாயையே சமாளிக்க முடியாமல் தெரு திணறிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, போன ஆடியில் டாக்டர்கள் அவள் சிறுகுடலின் நுனியை வெளியே எடுத்து, வயிற்றின் வலப்பக்கம் இன்னொரு வாயும் வைத்துவிட்டார்கள். அதன்மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். கழிவெல்லாம் அதில் சேரும். மாதம்மா அசரவில்லை. "கேன்சரே போயிருச்சு, பை இருந்துட்டுப் போகுது" என்றாள்.

அசர வைத்தது தோல்தான். இரண்டே மாதத்தில் அந்த வாயைச் சுற்றித் தோல் செக்கச்செவேலென்று வெந்து, மிளகாய் அரைத்துப் பூசினாற்போல எரிந்தது. கசியும் தோலில் பை நிற்குமா? மெஷினில் குனிந்தால் கழன்று ஒழுகியது. அடுத்தவர் கல்யாணப் பட்டை மடியில் போட்டுக்கொண்டு அந்த வம்பு எதற்கு? கடை பூட்டியே கிடந்தது.

புருஷன் லிங்கப்பன் சும்மா இருப்பாரா? எரிச்சலுக்கு நல்லதென்று தேங்காயெண்ணெய் தடவிவிட்டார். பை வழுக்கிக்கொண்டு தொடைக்கே போய்விட்டது. கடைசியில், "இந்தா பாரு மாதம்மா, டெய்லர் தருண்குமார் நம்ம கடையைக் கேக்கறான். ஒண்ணாந்தேதி சாவியைக் குடுத்துரலாம்" என்றார். முப்பது வருஷமாக மாதம்மா உட்கார்ந்த நாற்காலி ஆயிற்றே!

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய், பை மாட்டக் கற்றுக்கொடுத்த நர்ஸ் அஷ்வினியிடம் சண்டைக்கு நின்றாள். "என்னம்மா கோந்து தடவியிருக்காங்க இதுல? ஒரு நாள் தாங்க மாட்டேங்குது!"

"ஸ்வல்ப, கொஞ்சம் காட்டுங்க அக்கா" என்று பையைக் கழற்றிப் பார்த்த அஷ்வினி, "பையில ஒட்டுற பக்கம் இந்த ஓட்டையை யாரு வெட்டினது?" என்றாள்.

"வேற யாரு? கத்திரி புடிச்சே காலந்தள்ளுறவ நான். நீ குடுத்த அளவு அட்டையை வெச்சு நூல் பிசகாம வெட்டினேன்."

"அட்டை எப்போ குடுத்தது?"

"ஆபரேஷன் முடிஞ்ச நாலாம் நாளு."

அஷ்வினி சிரித்துவிட்டாள். போன வருஷம் அவள் ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொண்டுபோய் இதே அளவுக்குத் தையுங்கள் என்றபோது, "உடம்பு என்ன அப்படியேவா இருக்கும்? புதுசா அளவெடுக்காம நான் துணியைத் தொடமாட்டேன்" என்று நாலு பேர் முன்னால் விரட்டியவள் சாட்சாத் இந்த மாதம்மாதான். சும்மா விடுவாளா?

"உடம்பு என்ன அப்படியேவா இருக்கும் அக்கா? வாராவாரம் அளந்து பாருங்கன்னு சொன்னேனே!"

மாதம்மாவுக்குப் பதிலே வரவில்லை. ஆஸ்பத்திரி வரலாற்றில் அது நல்ல நாள்.

வீக்கம் வடிந்து அந்த வாய் சுருங்கிவிட்டிருந்தது. இவள் வெட்டிய ஓட்டை மட்டும் பழைய அகலம். நடுவே திறந்து கிடந்த தோலில் கழிவு பட்டுப்பட்டுப் புண்ணாகியிருந்தது. அஷ்வினி புதிதாக அளந்து, வாயை நெருக்காமலும் தோல் தெரியாமலும் வெட்டிக் காட்டினாள். வெறும் தண்ணீரில் கழுவு, தேய்க்காமல் ஒற்றி எடு, புண்ணில் இந்தப் பொடியை லேசாகத் தூவி மிச்சத்தைத் தட்டிவிடு, கசிந்தால் மேலே டேப் ஒட்டி ஏமாற்றாதே, உடனே மாற்று என்றாள். எண்ணெய் பாட்டிலை எடுத்த லிங்கப்பனின் கையில் அன்றைக்கே மாதம்மாவின் மர ஸ்கேலால் ஒரு அடி விழுந்தது. பன்னிரண்டு நாளில் சிவப்பு அடங்கியது.

ஒண்ணாந்தேதி சாவி வாங்க வந்த தருண்குமாரும், கூட வந்த லிங்கப்பனும் கடை வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாதம்மா மடியில் அரக்குப் பட்டு. காலையிலிருந்து குனிந்தபடி தைக்கிறாள். சேலைக்கு மேலே ஒருமுறை தடவிப் பார்த்தாள். ஈரமில்லை. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் கண் கலங்கி ஊசியே தெரியவில்லை.

"அக்கா, சாவி..." என்று இழுத்தான் தருண்குமார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க தம்பி. நாளைக்கு முகூர்த்தம், பதினோரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வெக்கணும். ஏனுங்க, நீங்களுந்தான், உக்காருங்க" என்று ஆளுக்கொரு ஊசியை நீட்டினாள்.

பையைக் காலி செய்ய இரண்டு தரம் எழுந்ததோடு சரி. இருட்டும்வரை அந்த நாற்காலியை அவள் விடவில்லை, கொக்கி வைத்த இருவரையும் விடவில்லை.